கிணற்றடியும் கடைத்தெருவும்: தமிழ்நாட்டில் தொற்றுநோய்த் தடுப்பும் உணவுத் தூய்மையும்

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் பால் சாம்பிள் எடுக்க ஒரு முறை இருந்தது. உணவு ஆய்வாளர் சாட்சிக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போவார். கேனில் உள்ள பாலை நன்றாகக் கலக்கச் சொல்லி, வேண்டிய அளவை விலை கொடுத்து வாங்குவார். ஈரமில்லாத மூன்று பாட்டில்களில் அதைச் சமமாகப் பிரித்து ஊற்றி, ஒவ்வொன்றிலும் கணக்காகச் சில சொட்டு ஃபார்மலின் விட்டுக் குலுக்குவார். பிறகு மூடி, தடித்த தாளில் சுற்றி, உள்ளாட்சிச் சுகாதார அதிகாரி கையெழுத்திட்ட சீட்டை மேலிருந்து கீழாக ஒட்டி, நூல் கட்டி, அரக்கு முத்திரை வைப்பார். ஒரு பாட்டில் பகுப்பாய்வாளருக்குப் போகும். மற்ற இரண்டும் சுகாதார அதிகாரியிடம் இருக்கும்.

ஃபார்மலின் எதற்கு என்றால், பால் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேரும்வரை திரியாமல் இருப்பதற்கு. பகுப்பாய்வாளர் பாலில் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கிய திடப்பொருள் எவ்வளவு என்று அளப்பார். அதற்கு ஃபார்மலின் தடையில்லை. ஆனால் ஃபார்மலின் கிருமியைக் கொல்லும் மருந்து. பாலில் டைபாய்டு கிருமி இருந்திருந்தாலும் அந்தப் பாட்டிலைக் கொண்டு எந்த ஆய்வுக்கூடமும் அதை வளர்த்துக் காட்ட முடியாது. பாலில் தண்ணீர் ஊற்றப்பட்டதா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. ஊற்றியது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதைப் பற்றி அந்தப் பாட்டில் ஒன்றும் சொல்லாது.

அதைக் கேட்பதற்கு அன்று ஊரில் ஓர் ஆள் இருந்தார். பல ஊர்களில் சாம்பிள் எடுத்த அதே ஆள்தான். நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் என்று அறியப்பட்ட அவர் காலையில் பால் கேனைப் பார்த்தார்; மதியம் ஓட்டல் சமையற்கட்டைப் பார்த்தார்; வாந்தி பேதி என்று தகவல் வந்தால் பிளீச்சிங் பவுடரோடு அந்தத் தெருவுக்குப் போனார். தமிழ்நாட்டில் தொற்றுநோய்த் தடுப்பும் உணவுத் தூய்மையும் நீண்ட காலம் ஒரே கையில் இருந்தன. 2011க்குப் பிறகு அவை இரண்டு துறைகளாயின. பிரித்ததில் நியாயம் இருந்தது, பலனும் கிடைத்தது. ஆனால் நோயாளியிடமிருந்து கடைக்கும், கடையிலிருந்து நோயாளிக்கும் போய்வந்துகொண்டிருந்த தகவல் அந்தப் பிரிவினையில் பலவீனப்பட்டது என்று நான் கருதுகிறேன். அதைத் திரும்பக் கட்டுவது இன்றைய அவசரத் தேவை.

சென்னை மாகாணத்தின் ஏற்பாடு

1864இல் சென்னை மாகாணத்தில் சுகாதார ஆணையம் அமைக்கப்பட்டபோது ஆங்கில அரசின் கவலை படைவீரர்களைப் பற்றியதாக இருந்தது. ஊர் மக்களைப் பற்றிய கவலை பிறகுதான் வந்தது, அதுவும் காலரா துரத்தியதால் வந்தது. திருவிழாவுக்குப் போன கூட்டம் நோயோடு ஊர் திரும்பியது. குளமும் கிணறும் நோயைப் பரப்பின. சென்னை நகரத்துக்கு 1872 முதல் செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த மண் கால்வாய் வழியாகவே தண்ணீர் வந்தது. கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் மூடிய குழாய்ப் பாதையும் வந்தது 1914இல். கிண்டியில் 1899இல் தொடங்கப்பட்ட கிங் நோய்த்தடுப்பு நிலையம் அம்மைப்பால் தயாரிக்கும் இடமாகத் தொடங்கி, பிறகு தண்ணீரையும் உணவையும் பகுப்பாய்வு செய்யும் இடமாகவும் வளர்ந்தது. சென்னை மாகாணத்தின் கலப்படத் தடுப்புச் சட்டம் 1918இல் வந்தது. 1922இல் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகம் ஏற்பட்டது.

இவற்றின் உச்சம் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். ராஜாஜி அமைச்சரவையில் டி.எஸ்.எஸ். ராஜன் பொதுச் சுகாதார அமைச்சராக இருந்த காலம் அது. இந்தியாவில் இப்படி ஒரு முழுமையான பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கு முன் எங்கும் இல்லை. குடிநீர், கழிவுநீர், கழிப்பிடம், கொசு, தாய்சேய் நலம், தங்கும் விடுதிகள், நோய் அறிவிப்பு, உணவுக் கட்டுப்பாடு, திருவிழாவும் சந்தையும் என எல்லாம் ஒரே சட்டத்துக்குள் இடம்பெற்றன. நகராட்சிகள் அரசு மானியம் நீங்கலான தம் வருமானத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் பொதுச் சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றும் அது சொன்னது. இந்தச் சட்டத்தை வாசிக்கும்போது என்னை ஈர்ப்பது அதன் தர்க்கம்: உணவு வணிகப் பொருளாக மட்டும் அதில் வரவில்லை, நோய் பரவும் வழிகளில் ஒன்றாக வருகிறது. குடிநீரும் கழிவுநீரும் பேசப்படும் அதே மூச்சில் உணவும் பேசப்படுகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்கள் மருத்துவச் சேவையையும் பொதுச் சுகாதாரத்தையும் ஒன்றாக இணைத்தன. 1946இல் வெளிவந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை இரண்டும் இணைந்து இயங்க வேண்டும் என்று விரும்பியது. நடைமுறையில் மருத்துவமனை மற்றதை விழுங்கிவிட்டது. கண்முன் நோயாளி துடிக்கும்போது நோய் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பணமும் ஆளும் எப்படி மிஞ்சும்? தமிழ்நாடு தனி இயக்குநரகத்தை விடாமல் வைத்துக்கொண்டது. மாவட்ட அளவில் பொதுச் சுகாதாரப் பொறுப்பேற்கும் மருத்துவர்கள் அதற்குரிய பட்டயமோ பட்டமோ பெற வேண்டும் என்ற விதியையும் விடவில்லை. காந்திகிராமம் போன்ற இடங்களில் சுகாதார ஆய்வாளர்களுக்குப் பயிற்சி தொடர்ந்தது. இதன் பலன் செய்தியாகத் தெரிவதில்லை. வராத நோயைப் பத்திரிகையில் எப்படிப் போடுவது? நரம்புச் சிலந்தி நோய் தமிழ்நாட்டிலிருந்து 1984 வாக்கில் ஒழிந்தது இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பல்லாயிரம் பேர் முகாம்களில் நெருக்கியடித்துத் தங்கியிருந்தார்கள். குடிநீர் ஆதாரங்களில் உப்புநீர் புகுந்திருந்தது. அடுத்து கொள்ளைநோய் வரும் என்று உலகமே எதிர்பார்த்தது. வரவில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து இறங்கிய சுகாதாரப் பணியாளர்கள் முகாம் முகாமாகக் குளோரின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறு வெள்ளைக் கிண்ணங்கள்

பொதுச் சுகாதாரம் என்று பெரிய சொல்லாகச் சொல்வது கள அளவில் எப்படிப்பட்ட வேலை என்பதற்கு ஹாராக்ஸ் கருவியைச் சொல்லலாம். சுகாதார ஆய்வாளர் பயிற்சிக்குப் போனவர்கள் இதைத் தொடாமல் வந்திருக்க முடியாது. பெட்டிக்குள் ஆறு வெள்ளைக் கிண்ணங்கள், ஒரு கறுப்புக் கிண்ணம், தட்டி அளந்தால் இரண்டு கிராம் பிளீச்சிங் பவுடர் பிடிக்கும் கரண்டிகள், கலக்குவதற்குக் கண்ணாடிக் குச்சிகள், சொட்டு விடும் குழாய்கள், ஸ்டார்ச் அயோடைடு கரைசல்.

கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டி பவுடரைக் குழைத்து, உள்ளே போட்டிருக்கும் கோடுவரை தண்ணீர் ஊற்றித் தெளியவிட வேண்டும். ஆறு வெள்ளைக் கிண்ணங்களிலும் சோதிக்க வேண்டிய கிணற்றுத் தண்ணீர். தெளிந்த கரைசலை முதல் கிண்ணத்தில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு என்று ஆறுவரை விட்டு, கலக்கிவிட்டு, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தைக் குறைக்கவே கூடாது. குளோரின் தண்ணீரிலுள்ள அழுக்கோடும் கிருமியோடும் போராடித் தீர்க்கும் நேரம் அது. பிறகு ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு ஸ்டார்ச் அயோடைடு. எந்தக் கிண்ணத்தில் முதலில் தெளிவாக நீலம் தெரிகிறதோ அதுதான் விடை. மூன்றாவது கிண்ணம் நீலமானால், 455 லிட்டர் தண்ணீருக்கு மூன்று கரண்டி, அதாவது ஆறு கிராம். கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் கயிறு விட்டு அளந்தால் மொத்தம் எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

குழாய்த் தண்ணீருக்கு இது தேவையில்லை. குளோரோஸ்கோப் போதும்: தண்ணீரில் சில சொட்டு ஆர்த்தோடாலிடின் விட்டால் மஞ்சள் நிறம் வரும்; நிறத்தின் அழுத்தத்தைப் பார்த்து மிச்சக் குளோரின் எவ்வளவு என்று சொல்லலாம். சாதாரண நாட்களில் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், நோய் பரவும்போது 0.5. மேல்நிலைத் தொட்டியில் எவ்வளவு பவுடர் போட்டோம் என்பது முக்கியமே இல்லை. கடைசிக் குழாயில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதுதான் முக்கியம். அங்கே குளோரின் இல்லை என்றால் வழியில் எங்கோ சாக்கடை புகுந்திருக்கலாம். அழுத்தம் குறைந்த தெருக்களில் தண்ணீர் பிடிப்பதற்காகக் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். தண்ணீர் நின்றதும் குழியில் தேங்கியதைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். வாந்தி பேதி கிளம்பிய எத்தனையோ தெருக்களில் ஆய்வாளர்கள் கடைசியில் போய் நின்ற இடம் இந்தக் குழிதான்.

இந்த வேலையின் பலத்தை 1992 காட்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் சென்னையில் காலரா போன்ற ஒரு நோய் பரவியது. அறிகுறிகளெல்லாம் காலராவுக்கு உரியவை. ஆனால் அதுவரை காலராக் கொள்ளைநோயை உண்டாக்கியதாக அறியப்பட்ட ஓ1 வகைக்கான சோதனைக்கு அந்தக் கிருமி பிடிபடவில்லை. பிறகுதான் அது புதிய வகை, ஓ139, என்று உறுதியானது. பழைய காலராவுக்கு எதிராக உடலில் இருந்த எதிர்ப்புச் சக்தி இதற்கு உதவாததால் பெரியவர்களையும் அது அதிகம் தாக்கியது. வங்கக் கடலோரமாகப் பரவிச் சில மாதங்களுக்குள் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அடைந்தது. ஆய்வுக்கூடங்கள் கிருமியின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோதும் தெருவில் செய்ய வேண்டிய வேலை மாறவில்லை. குளோரினுக்கு ஓ1, ஓ139 இரண்டும் ஒன்றுதான். உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கும் அப்படியே.

பால்மானி பார்க்காதது

உணவுப் பக்கத்துக்கு வருவோம். கலப்படச் சட்டங்களின் வேர் ஏமாற்று வணிகத்தைத் தடுப்பதில் இருக்கிறது. வாங்குபவர் கொடுத்த காசுக்கு நியாயமான பொருள் கிடைத்ததா என்பதே அவற்றின் அடிப்படை. அது சிறிய விஷயமல்ல. கைக்குழந்தைக்குப் பால் வாங்கும் ஏழைத் தாய்க்குத் தண்ணீர்ப் பாலை விற்பது குழந்தையின் உணவைத் திருடுவது. ஆனால் இந்த நோக்கில் அமைந்த சோதனைகளுக்கு ஓர் எல்லை உண்டு. பால்மானியை எடுத்துக்கொள்வோம். நல்ல பாலின் ஒப்படர்த்தி 1.028 முதல் 1.032 வரை இருக்கும். தண்ணீர் கலந்தால் இறங்கும். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது என்பதால் ஆடையை எடுத்துவிட்டால் ஏறும். ஆடையையும் எடுத்துத் தண்ணீரையும் அளவாக ஊற்றினால் பால்மானி பழைய இடத்திலேயே நின்று நல்ல பால் என்று சொல்லிவிடும். இந்தத் தந்திரம் தெரியாத பால் வியாபாரி அரிது. அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் கொழுப்பைத் தனியாக அளந்தார்கள். கொழுப்பு சரியாக இருந்தாலும், கறந்தவரின் கை, கழுவிய கேன், கலந்த தண்ணீர் எதைப் பற்றியும் தெரியாது.

1954ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வேறு குறைகளும் இருந்தன. 1976 திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை என்றாகியது. லேபிளில் பிழை செய்தவரும் எண்ணெயில் விஷம் கலந்தவரும் ஏறக்குறைய ஒரே கூண்டில் நின்றார்கள். தண்டனை கடுமையாக இருந்ததால் வழக்குகள் நீண்டன. சீட்டு சரியாக ஒட்டப்படவில்லை, ஃபார்மலின் சரியாகக் கலக்கவில்லை என்ற நடைமுறைப் பிழைகளில் பலர் தப்பினார்கள். நகராட்சி ஊழியரான ஆய்வாளர், உள்ளூர்க் கவுன்சிலரின் உறவினர் நடத்தும் ஓட்டலுக்குள் எவ்வளவு தைரியமாக நுழைந்திருப்பார் என்பதையும் யோசிக்க வேண்டும். மாமூல் பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தை வரவேற்கக் காரணங்கள் உண்டு. 2011 ஆகஸ்ட் 5 முதல் அது நடப்புக்கு வந்தது. தரக்குறைவு, தப்பான லேபிள் போன்றவற்றைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து எடுத்து மாவட்ட வருவாய் அலுவலர் நிலையில் அபராதம் விதிக்கும் முறைக்குக் கொண்டுவந்தது. தரக்குறைவுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை, தப்பான லேபிளுக்கு மூன்று லட்சம் வரை. பாதுகாப்பற்ற உணவுக்குச் சிறை. பகுப்பாய்வு அறிக்கை 14 நாட்களில் வர வேண்டும். சாம்பிள் மூன்றுக்குப் பதில் நான்கு பாகம். விற்பவர் விரும்பினால் ஒன்றை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். கிருமிச் சோதனைக்கென்று எடுக்கும் மாதிரியில் ஃபார்மலின் போன்ற எதையும் சேர்க்கக் கூடாது என்பதும் இன்று விதி. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் நியமன அலுவலர், அவருக்குக் கீழே உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் என்று தனித் துறை அமைந்தது. கிண்டி, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை ஆகிய ஆறு இடங்களில் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இயங்குகின்றன.

உணவு புதிய துறைக்குப் போனது. நோயும் தண்ணீரும் பொதுச் சுகாதாரத் துறையிலேயே இருந்தன. வயிற்றுப்போக்கோடு வருபவர்களின் எண்ணிக்கை ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வழியே ஒரு பக்கம் போகிறது. எடுக்கப்பட்ட உணவு மாதிரிகளின் எண்ணிக்கை இன்னொரு பக்கம் போகிறது.

சாட்சி நோயாளியின் உடலில் இருக்கிறது

உணவால் வரும் நோய்க்குக் காலம்தான் முதல் தடை. ஸ்டாஃபிலோகாக்கஸ் விஷம் கலந்த உணவு ஒன்று முதல் ஆறு மணி நேரத்தில் வாந்தியைக் கொண்டுவரும். சால்மொனெல்லா வெளிப்பட ஆறு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை ஆகும். டைபாய்டு ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் கழித்து வரும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். கல்யாண வீட்டில் சாப்பிட்ட பாயசத்தால் காமாலை வந்தது என்று ஒரு மாதம் கழித்து எப்படி நிரூபிப்பது? பாத்திரம் கழுவி, பந்தல் பிரித்து, சமையற்காரர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். மிச்சமிருக்கும் ஒரே தடயம் நோயாளியின் மலத்திலும் இரத்தத்திலும் அவர் நினைவிலும்தான். மருத்துவமனையில் முதல் வேளை ஆன்டிபயாடிக் இறங்கியதும் மலத்திலிருந்து கிருமியைப் பிடிப்பதும் கடினமாகிவிடும். மருந்துக்கு முன் மாதிரி எடுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு பாடநூலும் சொல்கிறது. இரவு பதினொரு மணிக்கு வாந்தியோடு வரிசையில் நிற்கும் இருபது பேரைப் பார்க்கும் பணி மருத்துவருக்கு அதைச் செய்ய ஆளும் பாட்டிலும் வேண்டும்.

2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்டவர்கள் நோயுற்று ஒரு மாணவி இறந்தபோது, ஷிகெல்லா கிருமியே காரணம் என்று சுகாதாரத் துறை கண்டது. நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளே அதைக் காட்டின. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தனர். 14 வயது மாணவி உயிரிழந்தார். அதன்பின் மாநிலம் முழுவதும் சோதனைகள் நடந்தன. கிலோ கணக்கில் இறைச்சி அழிக்கப்பட்டது, கடைகள் சீல் வைக்கப்பட்டன. இவற்றைச் செய்த அலுவலர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் இருக்கும் அதிகாரம் அதுதான். ஆனால் ஷவர்மாவில் பிரச்சினை எங்கே இருக்கிறது? சுழலும் இறைச்சிக் கூம்பின் வெளிப்பக்கம் கருகும்போதும் உட்பக்கம் வேகாமல் இருக்கும். ஆர்டர் குவியும் நேரத்தில் கடைக்காரர் உள்வரை சீவிவிடுவார். வெளியே வைத்த பச்சை முட்டை மயோனைஸ் மாலை முழுவதும் வெக்கையில் இருக்கும். அழிக்கப்பட்ட இறைச்சியின் எடையில் இந்த விவரம் ஒன்றும் இல்லை. நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் எந்தக் கடை, எத்தனை மணி, கூட என்ன சாப்பிட்டீர்கள், அதே மேசையில் சாப்பிட்டும் நோய் வராதவர் யார் என்று கேட்டு எழுதினால் அதில் இருக்கும். நோய் வராதவரைக் கேட்பதை மறந்துவிடுகிறோம். குற்றவாளி உணவைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அவருடைய பதில்தான்.

பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் தமிழ்நாட்டில் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. நோயையும் உணவையும் சேர்த்துப் பார்த்து எடுக்கப்பட்ட முடிவு என்ற வகையில் இது சரியான திசையில் வைத்த அடி. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி சாயம் கண்டுபிடிக்கப்பட்டதும் அதைத் தடை செய்தது வேகமாக நடந்தது. சாயம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்வதும் சுலபம். பொதுமக்களின் கோபமும் சாயத்தின்மேல் பாய்வதைப்போல் கிருமியின்மேல் பாய்வதில்லை. தர்பூசணியில் ஊசி போட்டார்களா என்று வாட்ஸ்அப்பில் கேட்கும் நாம், அதை வெட்டிய கத்தியைக் கழுவிய தண்ணீரைக் கேட்பதில்லை.

2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்திய பால் ஆய்வு இன்னொரு பாடத்தைத் தந்தது. 1,103 ஊர்களிலிருந்து 6,432 மாதிரிகள். பாலில் யூரியா, சோப்புத்தூள் என்று நாடே பயந்துகொண்டிருந்தபோது, உயிருக்கு ஆபத்தான கலப்படம் இருந்தவை 12 மாதிரிகள் மட்டுமே. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்லாடாக்சின் எம்1 என்ற நச்சு வரம்பை மீறியிருந்தது. அதில் தமிழ்நாடு முன்னால் நின்றது: 551 மாதிரிகளில் 88. இது யாரும் கலந்த நச்சு அல்ல. ஈரம் காயாத கடலைப் பிண்ணாக்கிலும் சோளத்திலும் பூஞ்சை பிடிக்கிறது. அதை மாடு தின்கிறது. நச்சு மாட்டின் கல்லீரலில் உருமாறிப் பாலில் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் போகாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பாலைச் சோதிக்கலாம்; ஆனால் சட்டத்தின் வரையறையில் கால்நடைத் தீவனம் உணவு அல்ல. பிண்ணாக்கு மூட்டை அடுக்கியிருக்கும் கிடங்கு அவருடைய எல்லைக்கு வெளியே. கால்நடைத் துறை, வேளாண் துறை, பால் கூட்டுறவுச் சங்கம் மூன்றும் அந்தக் கிடங்குக்கு வந்துபோகின்றன. பூஞ்சையைப் பற்றிப் பால்காரம்மாவிடம் சொல்ல வேண்டியவர் யார் என்பதுதான் தீர்மானமாகவில்லை.

அஞ்சலட்டை

தகவலை இணைப்பது பெரிய தொழில்நுட்பம் வேண்டும் வேலை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. 1980களில் தொடங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் வட ஆர்க்காடு மாவட்டத்தில் நடத்திய நோய்க் கண்காணிப்பு முறை அஞ்சலட்டையால் ஆனது. நோய்களின் பெயர்கள் அச்சிட்ட அட்டை மாவட்டத்தின் அரசு, தனியார் மருத்துவர்களிடம் கொடுக்கப்பட்டது. சந்தேகம் வந்த நோயாளியைப் பற்றிக் குறித்துத் தபாலில் போட்டால் போதும். ஆய்வுக்கூட உறுதிப்பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அட்டைகள் ஓரிடத்தில் சேரும்போது ஒரே ஊரிலிருந்து பல அட்டைகள் வந்திருப்பது கண்ணில் படும்; மாவட்டச் சுகாதார அதிகாரிக்குத் தகவல் போகும். மாதாமாதம் தொகுத்த செய்தி மடல் அதே மருத்துவர்களுக்குத் திரும்பிவந்தது. அந்தத் திரும்பிவரும் மடல்தான் முறையின் உயிர் என்பேன். அனுப்பியதற்கு ஒரு பதில் உண்டு என்று தெரிந்த மருத்துவர் அடுத்த அட்டையையும் எழுதுவார். இந்த முறையைக் கேரளத்தின் கோட்டயம் மாவட்டமும் பின்பற்றியது. 1998இல் லான்செட் இதழில் இது வளரும் நாடுகளுக்கான முன்மாதிரியாக வெளியானது.

தனியார் மருத்துவமனைகளைத் தவிர்த்துவிட்டு எந்தக் கண்காணிப்பும் இன்று முழுமையாகாது. சாப்பாட்டால் வயிறு கெட்டவர்களில் பெரும்பாலோர் முதலில் போவது பக்கத்துக் கிளினிக்குக்கு, அல்லது மருந்துக் கடைக்கு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, குறிப்பிட்ட பகுதியில் தொழில் செய்யும் மருத்துவர்கள் தம் கவனத்துக்கு வரும் உணவு நஞ்சாதல் சம்பவங்கள் அனைத்தையும் ஓர் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிக்கை வெளியிட ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் தொற்றுநோய்க்கு ஏற்கெனவே இதே கடமையை மருத்துவர்களுக்கு விதித்திருக்கிறது. இரண்டு சட்டங்களும் ஒரே மருத்துவரின் மேசைக்கு வருகின்றன. ஒரே தகவல், ஒரே நேரத்தில் இரண்டு துறைக்கும் போகும்படி செய்வதற்குப் புதிய சட்டம் எதற்கு?

நோயாளியிடமிருந்து ஆரம்பித்து மூலத்தைத் தேடுவதன் அருமையை 2022 டிசம்பரில் வேங்கைவயல் வலியோடு காட்டியது. புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தக் குடியிருப்பில் குழந்தைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. சிகிச்சை அளித்த மருத்துவர்கள் குடிக்கும் தண்ணீரைப் பார்க்கச் சொன்னார்கள். அதன்பிறகே பட்டியல் சாதி மக்களின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது வெளியே தெரிந்தது. அந்த மருத்துவர்கள் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் எத்தனை நாள் அந்தத் தண்ணீர் குடிக்கப்பட்டிருக்கும்?

இரு துறைகளும் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்கு அன்னதானம் செய்ய விரும்புவோர் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எங்கே சமைப்பது, எந்தத் தண்ணீர், எத்தனை மணிக்குள் பரிமாறுவது என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு. அதே நாட்களில் பொதுச் சுகாதாரத் துறை கிரிவலப் பாதையில் மருத்துவ முகாம்களை நடத்துகிறது. குடிநீர்த் தொட்டிகளில் குளோரின் பார்க்கிறது. 1939ஆம் ஆண்டுச் சட்டம் திருவிழாவுக்கென்று எழுதிவைத்த ஏற்பாட்டின் தொடர்ச்சிதான் இது. லட்சக்கணக்கானோர் கூடும் விழாவுக்குச் செய்வதை ஆண்டின் மற்ற நாட்களுக்கும் நீட்டிக்க மூன்று காரியங்கள் போதும் என்பது என் கணிப்பு: 35ஆம் பிரிவின்கீழ் மாவட்ட அளவில் ஓர் அறிவிக்கை, அவசரப் பிரிவுகளில் மருந்துக்கு முன் மல மாதிரி எடுக்கப் பாட்டிலும் அதை அன்றே கொண்டுபோக ஆளும், உணவு மாதிரியின் முடிவையும் நோயாளி மாதிரியின் முடிவையும் ஒரே தாளில் எழுதி, தகவல் கொடுத்த மருத்துவருக்கே திருப்பி அனுப்பும் ஓர் அலுவலர்.